விண்வெளியிலிருந்து மீண்டவர் பயிற்சிப் பறப்பில் மாண்டார்



1968ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி, புதன்கிழமை. மொஸ்கோ நகருக்கு வடகிழக்கே இருக்கும் செக்கலோவ்ஸ்கி விமானத்தளத்தில் ஒரு சிறிய இராணுவ ஜெட் விமானம் ஓடுபாதையில் நிற்கின்றது. அதில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டே இரண்டு இருக்கைகள். முன்னிருக்கையில் மாணவர். பின்னிருக்கையில் ஆசிரியர். இன்றைய பறப்பு ஒரு பரீட்சை. மாணவர் தேறிவிட்டால், ஆசிரியர் துணையின்றி இன்றே வேறொரு விமானத்தில் தனியாகப் பறக்க அவருக்கு அனுமதி கிடைக்கும்.

மாணவருக்கு வயது 34. அவருடைய பெயர் யூரி ககாரின்.

ஆம், நீங்கள் நினைப்பது சரி. ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் பூமியைச் சுற்றி வந்த முதல் மனிதர் அவர்தான். முழு உலகமும் அறிந்த அந்த வீரருக்குச் சாதாரணமான ஒரு ஜெட் விமானத்தைத் தனியே ஓட்ட அன்று அனுமதி இருக்கவில்லை! காலை 10.18 அளவில் விமானம் மேலெழுந்தது. பத்தரை மணி கடந்ததும் அதன் குரல் நின்றுபோயிற்று.

ககாரின் விண்வெளிக்குப் போன கதையைப் பிள்ளைகள் பாடசாலைப் புத்தகத்தில் படிக்கிறார்கள். அவர் எப்படி இறந்தார் என்று கேட்டால், பெரியவர்கள்கூட "ரொக்கட் வெடித்துத்தானே" என்கிறார்கள். அப்படியல்ல. அவர் இறந்தது ஒரு பயிற்சிப் பறப்பில்.

தச்சரின் மகன்

ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பிரதேசத்தில் க்ளூஷினோ என்றொரு கிராமம். 1934 மார்ச் 9ஆம் திகதி ககாரின் அங்கே பிறந்தார். தந்தை தச்சுவேலை செய்பவர். தாய் கூட்டுப்பண்ணையில் உழைத்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படைகள் அக்கிராமத்தைப் பிடித்து, ககாரின் குடும்பத்தாரின் வீட்டையும் எடுத்துக் கொண்டன. குடும்பம் மண்ணைத் தோண்டி, அந்தக் குழிக்குள் வாழ்ந்தது. அந்நாட்களில் சேதமுற்ற ஒரு சோவியத் போர் விமானம் கிராமத்துக்கருகே இறங்கியது. ஓடிப் போய் அதைத் தொட்டுப் பார்த்த சிறுவர்களில் ஒருவர்தான் பின்னாளில் விண்வெளிக்குப் போனார்.

வார்ப்புத் தொழில் படித்தார். பிறகு சரத்தோவ் நகரின் தொழில்நுட்பக் கல்லூரி, அங்கேயே விமானக் கழகம், அதன் பின் ஒரன்பேர்க் விமானப்படைப் பாடசாலை. ஆள் குட்டை, 157 சென்ரிமீற்றர்தான். விமானத்தைத் தரையிறக்கும்போது முன்னே சரியாகத் தெரிவதற்காக இருக்கையில் ஒரு மெத்தையைப் போட்டுக் கொண்டார் என்று சொல்வார்கள். அங்கே அவர் பறக்கப் பழகிய ஜெட் விமானத்தின் பெயர் மிக்-15. இந்தப் பெயரை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

1961 ஏப்ரல் 12ஆம் திகதி வொஸ்டொக் கலத்தில் ஏறி, 108 நிமிடங்களில் பூமியை ஒரு தடவை வலம் வந்து இறங்கினார். கலத்தோடு அவர் இறங்கவில்லை. சுமார் ஏழு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, பரசூட் மூலம் தனியே இறங்கினார். கலத்தோடு இறங்கினால்தான் சர்வதேச சாதனையாக ஏற்பார்கள் என்பதால் சோவியத் அரசாங்கம் இதைப் பல காலம் மறைத்தது. ஒரு மறைவு எத்தனை மறைவுகளுக்கு வழிவிடும் என்பதை இக்கட்டுரையில் போகப் போகக் காண்பீர்கள்.

அதே ஆண்டு டிசெம்பரில் அவர் நம் நாட்டுக்கும் வந்தார். சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலம். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அவர் ஒரு மரக்கன்றை நட்டார். அந்தப் புன்சிரிப்பு முகத்தைப் பற்றி நம் மூத்தவர்கள் இன்றும் பேசுவதுண்டு.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வீரர்

நாடு நாடாக ஊர்வலம், விருந்து, மாலை. ஆனால் அந்த மனிதர் விரும்பியது பறப்பதை. அரசாங்கமோ அவரை விலைமதிப்பற்ற பீங்கான் போலக் காக்க நினைத்தது. ஏதும் நடந்துவிட்டால் உலகத்துக்கு என்ன பதில் சொல்வது? ஆகவே விமானம் ஓட்டும் சந்தர்ப்பம் அவருக்கு மிகச் சொற்பமாகவே கிடைத்தது. விண்வெளி வீரர்களைப் பயிற்றும் நிலையத்தின் பிரதித் தலைவராக அவரை அமர்த்தினார்கள். பறக்காத ஒருவன் பறப்போருக்கு எப்படித் தலைமை தாங்குவது என்பது அவருடைய மனத்தாங்கல்.

1967 ஏப்ரல் 24ஆம் திகதி, அவருடைய நண்பர் விளாடிமிர் கொமரோவ் ஸோயுஸ்-1 விண்கலத்தில் திரும்பி வரும்போது பரசூட் சரிவர விரியாமல் தரையில் மோதி மாண்டார். அப்பயணத்தில் கொமரோவுக்குப் பதில் ஆளாக நியமிக்கப்பட்டிருந்தவர் ககாரின். அதோடு அவருடைய அடுத்த விண்வெளிப் பயணக் கனவு முடிந்தது. மேலிடம் அதற்குத் தடை போட்டது.

விமானமாவது ஓட்டவிடுங்கள் என்று அவர் கேட்டார். முதலில் ஷூக்கோவ்ஸ்கி விமானப் பொறியியல் கழகத்தில் பட்டத்தை முடியுங்கள், பின்னர் பார்க்கலாம் என்றார்கள். 1968 பெப்ரவரியில் பட்டம் கிடைத்தது. மார்ச் 13 முதல் 22 வரை ஆசிரியரோடு 18 தடவை பறந்தார். அத்தனையும் சேர்ந்து சுமார் 7 மணித்தியாலங்கள். மிச்சமிருந்தது அந்த ஒரு பரீட்சைப் பறப்புத்தான்.

நாம் இங்கே சற்று யோசிக்க வேண்டும். ஆபத்து நேரக்கூடாது என்பதற்காக ஒருவரைப் பறக்கவிடாமல் வைத்தார்கள். பறக்காத காரணத்தால் அவருடைய கைப்பழக்கம் குறைந்தது. கைப்பழக்கம் குறைந்தவர் பறக்கும்போது ஆபத்து கூடுகிறது. பிள்ளை தண்ணீரில் மூழ்கிவிடும் என்று பயந்து நீந்தவே பழக்காத தகப்பனின் கதை போல இது.

மிக்-15 என்னும் பாடசாலை

ஜெட் யுகத்தின் தொடக்கம் பயிற்சியாளர்களின் இரத்தத்தில் எழுதப்பட்டது என்றால் அது மிகையில்லை. சுழலும் விசிறி கொண்ட பழைய விமானத்தில், விசைப்பிடியைத் தள்ளிய கணமே இயந்திரம் பலம் கொடுக்கும். ஆரம்பகால ஜெட் இயந்திரமோ அப்படியல்ல. பிடியைத் தள்ளினாலும் அது மெல்ல மெல்லத்தான் வேகம் பிடிக்கும். தாழ்வாக வந்துவிட்ட பிறகு "பலம் கொடு" என்று கேட்டால், அது கொடுப்பதற்குள் தரை வந்துவிடும். வேகமோ முன்னையதைவிடப் பல மடங்கு. தவறைத் திருத்தக் கிடைக்கும் நேரம் அதற்கேற்பக் குறைவு. பிரித்தானிய விமானப்படை தன் முதல் ஜெட் விமானமான மீற்றியோர் வகையில் மாத்திரம் 890 விமானங்களை இழந்தது. மாண்ட விமானிகள் சுமார் 450 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் எதிரியின் குண்டால் மாண்டவர்கள் அல்லர். சமாதான காலத்தில், தம் சொந்த நாட்டு வானத்தில், பெரும்பாலும் பயிற்சியின்போது மாண்டவர்கள். அவர்களுடைய பெயர் எந்த நாட்டுப் பாடப்புத்தகத்திலும் வரவில்லை.

மிக்-15 விமானம் முதன்முதலில் பறந்தது 1947 டிசெம்பரில். கொரிய யுத்தத்தில் அமெரிக்கரைத் திகைக்க வைத்தது. அதிலேயே ஆசிரியருக்கும் மாணவருக்கும் இரட்டை இருக்கை போட்டுச் செய்த வகைக்கு மிக்-15 யூரிஐ என்று பெயர். பல நாடுகளில் ஒரு தலைமுறை விமானிகளுக்கு அதுவே பாடசாலை. 1971ஆம் ஆண்டு சோவியத் யூனியன் இலங்கைக்கு மிக்-17 போர் விமானங்களைத் தந்தபோது, நம்மவர் பழகுவதற்கென இந்த வகை இரட்டை இருக்கை விமானமொன்றும் கூடவே வந்து சேர்ந்தது.

அன்று ககாரின் ஏறிய விமானம் 1956இல் செக்கோஸ்லொவாக்கியாவில் செய்யப்பட்டது. பன்னிரண்டு வயதானது. திருத்தம் பார்க்கப்பட்டதுதான். ஆனால் அதன் இறக்கைகளின் கீழே, ஒவ்வொன்றும் 260 லீற்றர் கொள்ளும் இரண்டு மேலதிக எரிபொருள் தாங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றோடு பறக்கும்போது கூர்மையாகத் திருப்பவோ வேகமாகப் பாயவோ கட்டுப்பாடுகள் உண்டு. சமநிலை குலைந்தால் மீட்டெடுப்பதும் கடினம். குறுகிய நேரப் பரீட்சைப் பறப்புக்கு அந்தத் தாங்கிகள் எதற்கு?

பின்னிருக்கை ஆசிரியர்

விளாடிமிர் செரியோகின் 45 வயதானவர். அந்தப் பயிற்சிப் படையணியின் கட்டளைத் தளபதி. உலகப் போரில் தாக்குதல் விமானம் ஓட்டி, சோவியத் யூனியனின் வீரர் என்ற உயர் விருதைப் பெற்றவர். ககாரினுடைய பெயருக்குப் பின்னால் இந்த மனிதரின் பெயர் எப்போதும் நிழலாகவே இருந்துவிட்டது. கற்றுக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் கண் போவது அந்தப் பின்னிருக்கையின் பக்கம்தான்.

அன்றைய வானம் நல்லதல்ல. கீழே ஒரு முகில் படை, மேலே இன்னொரு முகில் படை, நடுவே தெளிந்த வெளி. அந்த நடுவெளியில்தான் பயிற்சி. கீழே தரையும் தெரியாது, தூரத்தே தொடுவானமும் தெரியாது. வானிலையைப் பார்த்துவரப் போன விமானத்தின் அறிக்கைக்கு முழுதாகக் காத்திராமலே இவர்கள் புறப்பட்டார்கள். கீழ் முகிலின் அடிமட்டம் இவர்களுக்கு அறிவிக்கப்பட்டதைவிட மிகத் தாழ்ந்திருந்தது என்று பின்னர் தெரியவந்தது. தரையில் இருந்த ராடர்களில் விமானத்தின் உயரத்தைக் காட்ட வேண்டியது அன்று இயங்கவில்லை. போதாக்குறைக்கு அதே வானத்தில் வேறு ஜெட் விமானங்களும் இருந்தன.

எண்ணிப் பாருங்கள்: தாங்கிகள், வானிலை, ராடர், நெரிசல். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் "பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய குறைதான். எந்த ஒன்றும் தனித்து நின்று இவர்களைக் கொன்றிருக்காது.

விண்வெளிப் பயணத்தின்போது வானொலியில் ககாரினை அழைத்த பெயர் "கெட்ர்", நம் மொழியில் தேவதாரு. அன்று காலையில் அவர் வெறும் எண், 625. பத்தரை மணிக்குச் சற்றுப் பின், பயிற்சியை முடித்துவிட்டதாகவும் தளம் நோக்கித் திரும்ப அனுமதி வேண்டுமென்றும் அமைதியான குரலில் கேட்டார். எதிர்பார்த்ததைவிட விரைவாகவே முடித்திருந்தார். ஏன் என்பது இன்றும் புதிர். அனுமதி கிடைத்தது. அதன் பிறகு தரையிலிருந்து எத்தனை தடவை அழைத்தும் 625 பேசவில்லை.

எரிபொருள் தீர்ந்துபோயிருக்க வேண்டிய நேரமும் கடந்தது. ஹெலிகொப்டர்கள் தேடின. பிற்பகல் மூன்று மணிக்குக் கிட்ட, விளாடிமிர் பிரதேசத்தின் கிர்ஷாச் நகர்ப் புறத்தே, நொவோசெலோவோ கிராமத்துக்கு அண்மையில், பனி மூடிய காட்டிலே கருகிய ஒரு பெருங்குழி தென்பட்டது.

முதல் நாள் அடையாளம் காணப்பட்டது செரியோகினின் எச்சங்கள் மாத்திரமே. ககாரின் வெளியே பாய்ந்து எங்கோ காட்டுக்குள் உயிரோடு இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை ஓர் இரவு முழுக்க நீடித்தது. மறுநாள் ஒரு மரத்தில் சிக்கியிருந்தது அவருடைய மேலங்கியின் துண்டு. சட்டைப் பையில் காலை உணவுக்கான சீட்டு. நம்பிக்கை அதோடு முடிந்தது. இருவரின் கைக்கடிகாரங்களையும் விமானக் கடிகாரத்தையும் ஆராய்ந்து, மோதிய நேரம் 10.31 எனக் கணித்தார்கள். அதாவது கடைசியாகப் பேசி ஒரு நிமிடமளவில்.

ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது?

ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையைச் சற்றுச் சாய்த்து நீட்டிப் பார்த்திருப்பீர்கள். (இனி அப்படிச் செய்யாதீர்கள், அது வேறு விடயம்.) காற்று கையை மேலே தூக்கும். விமானத்தின் இறக்கையும் அவ்வாறே தூக்கப்படுகிறது. ஆனால் கையை மேலும் மேலும் நிமிர்த்தினால், ஒரு கட்டத்தில் தூக்குவது நின்று, காற்று பின்னே தள்ளிவிடும். இறக்கைக்கும் அந்த எல்லை உண்டு. திடீரென ஒரு பெரிய திருப்பம் கொடுத்தால் எல்லை தாண்டிப் போகும். தூக்கும் சக்தி அற்றுப்போகும். ஒரு பக்க இறக்கை முதலில் விழுந்தால், விமானம் பம்பரம் போலச் சுழன்று இறங்கும். உயரம் இருந்தால் மீட்கலாம். முகிலுக்குள் இருந்தால் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதே தெரியாது.

அப்படியொரு திருப்பத்தை ஏன் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. அரசாங்க ஆணைக்குழு ஆராய்ந்து 29 தொகுதிகள் எழுதியது. எழுதியதைப் பூட்டி வைத்தது! மக்களுக்குச் சொன்னது, பயிற்சிப் பறப்பில் விபத்து என்ற அளவு மாத்திரமே. 2011 ஏப்ரலில், விண்வெளிப் பயணத்தின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி, முடிவுரை முதன்முறையாக வெளியே வந்தது. வானிலை ஆராயும் பலூன் ஒன்றில் மோதாமல் தவிர்ப்பதற்காக விமானத்தைத் திடீரெனத் திருப்பியிருக்கலாம், அல்லது கீழ் முகிலுக்குள் புகாமல் தவிர்க்க அப்படிச் செய்திருக்கலாம், அதனால் விமானம் கட்டுப்பாடு இழந்தது என்பதே அம்முடிவு. "இருக்கலாம்" என்ற சொல்லை எழுத 43 ஆண்டுகள் பூட்டு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

இதற்கிடையில் இரண்டு பேர் சும்மா இருக்கவில்லை. ஒருவர் பேராசிரியர் செர்கெய் பெலோட்செர்கோவ்ஸ்கி. ஷூக்கோவ்ஸ்கி கழகத்தில் ககாரினுக்குப் படிப்பித்தவர். தன் மாணவனின் சாவைக் கணக்குப் போட்டுத் தீர்க்கப் புறப்பட்ட ஆசிரியர். மற்றவர் அலெக்ஸி லியோனோவ். விண்வெளியில் முதன்முதலில் கலத்துக்கு வெளியே மிதந்த வீரர். அன்று பக்கத்துப் பிரதேசத்தில் பரசூட் பயிற்சியை மேற்பார்வை செய்து கொண்டிருந்தபோது, ஒன்றிரண்டு செக்கன் இடைவெளியில் இரண்டு வெடியோசைகளைத் தன் காதால் கேட்டவர். ஒன்று விமானம் தரையில் மோதிய ஓசை. மற்றது, ஒலியின் வேகத்தைத் தாண்டிய வேறொரு விமானத்தின் ஓசை என்பது அவருடைய முடிவு.

லியோனோவ் 2013இல் வெளிப்படையாகவே கூறினார்: சோதனைப் பறப்பிலிருந்த சு-15 போர் விமானமொன்று தனக்கு விதிக்கப்பட்ட உயரத்தை விட்டுக் கீழே வந்து, ககாரினின் விமானத்துக்குப் பத்து இருபது மீற்றர் கிட்டத்தில் கடந்து போயிற்று. வேகமான இயந்திரப் படகு போன பாதையில் சிறு தோணி அகப்பட்டால் என்ன ஆகும் என்று நம் மீனவ சகோதரர்களிடம் கேளுங்கள். காற்றிலும் அப்படியே சுழல் உண்டாகும். அந்தச் சுழலில் மிக்-15 புரண்டது. பேராசிரியரின் கணிப்புப்படி, முகிலுக்குக் கீழே வந்ததும் இருவரும் நிலைமையைக் கண்டு விமானத்தை நிமிர்த்தத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் இரண்டு செக்கன், இன்னும் இருநூறு முந்நூறு மீற்றர் உயரம் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள்.

அந்தச் சு-15 விமானியின் பெயர் தனக்குத் தெரியும் என்றும், வெளியிடமாட்டேன் என்று வாக்களித்திருப்பதாகவும் லியோனோவ் சொன்னார். 2019இல் அவர் மறையும்வரை அந்த வாக்கைக் காத்தார். அது பிழை என்பாருண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. வயோதிபர் ஒருவரைச் சந்தியில் நிறுத்துவதால் மாண்ட இருவரும் மீளப்போவதில்லை. ஆனால் விமானியின் பெயரை மறைப்பது வேறு. அன்றைய நிர்வாகத்தின் குறைகளை மறைத்தது வேறு.

எல்லா நிபுணர்களும் லியோனோவின் கருத்தை ஏற்கவுமில்லை. விமானி அறையின் காற்றுத் துவாரமொன்று சரியாக மூடப்படாதிருந்ததாகவும், பிராணவாயு குறைந்து இருவரும் நினைவிழந்ததாகவும் ஒரு பொறியியலாளர் வாதாடினார். ஆனால் கடைசிக் கணம்வரை இருவரும் கருவிகளைக் கையாண்டு கொண்டிருந்தார்கள் என்பதே ஆணைக்குழு கண்ட தடயங்களின் பொருள்.

பாயும் இருக்கை

இரு இருக்கைகளும் வெளியே வீசப்படக்கூடியவை. ஏன் இருவரும் பாயவில்லை? அந்த வகை விமானத்தின் ஒழுங்கு இதுதான்: பின்னிருக்கையில் உள்ளவர் முதலில் வெளியேற வேண்டும். அதற்குப் பிறகே முன்னிருக்கையில் உள்ளவர். அதாவது ஆசிரியர் முதலில், மாணவர் பின்னர்.

வாசகர்களே, இதைப் படித்த நாளில் கிதாபை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வகுப்பறையில் தீப்பிடித்தால் பிள்ளைகளை விட்டுவிட்டு முதலில் ஓட எந்த ஆசிரியருக்குக் கால் வரும்? அதிலும் முன்னே இருப்பவர் உலகமே அறிந்த ககாரின். அந்தச் சில செக்கன்களில் இருவரும் என்ன பேசிக் கொண்டார்கள் என்பது எவருக்கும் தெரியாது. பேச நேரம் இருந்ததா என்பதும் தெரியாது. ஒருவேளை, பாய்வதைப் பற்றி இருவருமே நினைக்கவில்லை. விமானத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றே நம்பியிருக்கலாம். அவர்கள் அதற்கு மிகக் கிட்ட வந்தும் இருந்தார்கள்.

வாய்க்கு வந்த கதைகள்

அரசாங்கம் வாயை மூடியதும் ஊர் வாய் திறந்தது. குடித்துவிட்டு ஓட்டினாராம். காட்டில் மானை விரட்டத் தாழப் பறந்தாராம். பிரஸ்னேவ் பொறாமையால் கொன்றுவிட்டாராம். இறக்கவேயில்லை, பைத்தியசாலையில் அடைத்து வைத்திருக்கிறார்களாம். குடித்த கதை பச்சைப் பொய். இருவரின் உடலிலும் மதுவின் அடையாளமே இல்லை என்பது பரிசோதனையில் அன்றே தெரிந்த விடயம். தெரிந்தும் அதை மக்களிடம் சொல்லவில்லை. பதில் பேச முடியாத இருவரின் மீது, அவர்களுடைய மனைவி மக்கள் கேட்டுக் கொண்டிருக்க, அந்தப் பழி ஆண்டுக்கணக்காக உலவியது.

நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "விண்வெளிக்குப் போனேன், இறைவனை அங்கே காணவில்லை" என்று ககாரின் சொன்னதாக நான் ஓதிய காலத்தில் மேடைகளில் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதிலடி கொடுத்து நானும் பேசியிருக்கிறேன். அவருடைய பயணத்தில் பதிவான உரையாடலில் அப்படியொரு வார்த்தை கிடையாது. குருஷேவ் கட்சிக் கூட்டத்தில் பேசியது பின்னர் ககாரினின் வாயில் ஏற்றப்பட்டது என்று, அவரோடு பழகிய விமானப்படை அதிகாரி வலன்டின் பெட்ரோவ் கூறியிருக்கிறார். சொல்லாததைச் சொன்னார் என்று நாமும் சேர்ந்துதான் சுமத்தினோம்.

இது ரஷ்யருக்கு மட்டும் நேர்ந்ததா?

இல்லை. 1968க்கு முந்திய நான்கு ஆண்டுகளில், அமெரிக்க நாசா நிறுவனம் தன் விண்வெளி வீரர் நால்வரை டி-38 எனும் பயிற்சி ஜெட் விமானங்களில் இழந்திருந்தது. 1964 ஒக்டோபரில் தியடோர் ஃப்ரீமனின் விமானத்தில் ஒரு வாத்து மோதியது. இயந்திரங்கள் நின்றன. அவர் வெளியே பாய்ந்தார், ஆனால் பரசூட் விரிய உயரம் போதவில்லை. 1966 பெப்ரவரியில் எலியட் சீயும் சார்ள்ஸ் பாசெட்டும் சென் லூயிஸ் நகரில் முகிலுக்குள் தரையிறங்க முயன்று, ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் மோதினார்கள். அவர்கள் விண்வெளிக்குப் போகவிருந்த கலம் செய்யப்பட்டுக் கொண்டிருந்ததும் அதே கட்டடத்தில்தான்! 1967 ஒக்டோபரில் க்ளிஃப்டன் வில்லியம்ஸ். அதுவரை ஓர் அமெரிக்கர்கூடப் பறப்பின்போது விண்வெளியில் மாண்டதில்லை. பெரிய ஆபத்துக்கு ஆயிரம் கண்கள் காவல் இருந்தன. அன்றாடப் பயிற்சிக்கு அப்படி இருக்கவில்லை.

ஒரு கடிதம்

விபத்து நடந்த நாளில் ககாரினின் மனைவி வலன்டீனா வைத்தியசாலையில் இருந்தார். பிள்ளைகள் இருவரும் பெண்கள். மார்ச் 30ஆம் திகதி ககாரின், செரியோகின் இருவரின் அஸ்தியும் மொஸ்கோ கிரெம்ளின் மதிலில் அடுத்தடுத்து வைக்கப்பட்டது. ஆட்சித் தலைவரல்லாத ஒருவருக்காகச் சோவியத் நாடு முழுவதும் துக்கம் அனுஷ்டித்தது அதுவே முதல் தடவை. அவர் சிறுவயதில் படித்த க்ஷாட்ஸ்க் நகருக்கு ககாரின் என்றே பெயர் வைத்தார்கள்.

வலன்டீனா மறுமணம் செய்யவில்லை. பேட்டிகளை விரும்பவில்லை. விண்வெளி வீரர்களின் குடியிருப்பிலேயே அமைதியாக வாழ்ந்து, 2020 மார்ச் 17ஆம் திகதி காலமானார்.

கணவர் இறந்த பிறகு அவர் கையில் ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது. விண்வெளிக்குப் போவதற்கு இரண்டு நாட்கள் முன்னர், 1961 ஏப்ரல் 10ஆம் திகதி, திரும்பி வராவிட்டால் கொடுப்பதற்கென ககாரின் எழுதி வைத்தது. அவர் திரும்பி வந்துவிட்டதால் அது ஏழு ஆண்டுகள் எங்கோ கிடந்தது. இயந்திரத்தின் மீது தனக்கு முழு நம்பிக்கை உண்டு, ஆனால் சமதரையில் நடக்கிற மனிதனும் சில நேரம் விழுந்து கழுத்தை முறித்துக் கொள்வதுண்டு என்று அதில் எழுதியிருந்தார். தனக்கு ஏதும் நேர்ந்தால் துயரத்தில் மூழ்கிவிட வேண்டாம், பெண்பிள்ளைகளைச் சொகுசுப் பொம்மைகளாக அல்லாமல் வாழ்க்கையைத் தாங்கக்கூடிய மனிதர்களாக வளர்த்துவிடு என்று மனைவியைக் கேட்டிருந்தார்.

கடிதம் எழுதப்பட்டபோது இளைய மகளுக்கு வயது ஒரு மாதம். அது தாயின் கைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஏழு வயது.